சூலூர் மண்ணில் ஒரு நங்கூரப் பொத்தான்

ஐப்பசி மழை விட்டதும் சோளக்காட்டை உழவு ஓட்டிப் போட்டிருந்தோம். மண் ஈரமாக இருக்கிற நாளில்தான் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு போவேன், சத்தம் தெளிவாகக் கேட்கும். சூலூர் விமானத் தளத்திலிருந்து எங்கள் தோட்டம் ரொம்பத் தூரமில்லை. வழக்கமாகக் கிடைப்பது மாட்டு லாடம், தேய்ந்த கொழு, வண்டிக் கடையாணி. அன்றைக்கு ஒரு சாண் ஆழத்தில் பச்சை படிந்த வட்டமாக ஒன்று வந்தது. விட்டம் 23 மில்லிமீட்டர், பின்னால் கம்பிக் காது. பட்டாளத்துப் பொத்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மேலே கிரீடம், கீழே இறக்கை விரித்த பறவை மாதிரி ஏதோ தெரிந்தது. பிரிட்டிஷ் விமானப்படைப் பொத்தானில் கிரீடத்துக்குக் கீழே பறக்கும் கழுகு இருக்கும். பக்கத்திலேயே விமானத் தளம் இருப்பதால் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கழுவுவதில் அவசரப்படவில்லை. முன்பு கிடைத்த ஒரு பொத்தானை, பித்தளைச் செம்பு துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். மேலிருந்த தங்க முலாம் அத்தனையும் போய்விட்டது. முலாம் இருந்ததா, எங்கெங்கே மிச்சமிருக்கிறது என்பதே ஒரு சான்று, அதை என் கையாலேயே அழித்தேன். இன்றைக்கும் மனசு ஆறவில்லை. இந்தத் தடவை பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, ஈர்க்குச்சியால் மண்ணை மட்டும் எடுத்தேன். பறவையின் இறக்கை என்று நினைத்தது நங்கூரத்தின் வளைந்த கொக்கிகள். தண்டைச் சுற்றிக் கயிறு, விளிம்பிலும் கயிறு முறுக்கு. பிரிட்டிஷ் கடற்படை!

வருடம் சொல்வது கிரீடம். மேல் வளைவு நடுவில் பள்ளம் விழாமல் குமிழாக எழும்பியிருந்தால் 1901 முதல் 1952 வரை, மன்னர்கள் காலம். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் ராணிகள் காலம். ஆனால் விக்டோரியாவுக்கும் பள்ளம், எலிசபெத்துக்கும் பள்ளம், ஆகவே கிரீடத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 2022-ல் வந்த சார்லஸ் மறுபடி குமிழ்க் கிரீடத்துக்கே போய்விட்டார், இனிமேல் அதிலும் கவனம் வேண்டும். என்னுடையது குமிழ்.

பொத்தான் பொறுக்குகிறவர்கள் பலரும் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பின்பக்கம்தான் உயிர். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்கின எழுத்தும் எழுந்து நிற்கும். ‘கீவ்ஸ் லிமிடெட், லண்டன்’ என்று இருந்தது. கடற்படை அதிகாரிகளுக்குச் சட்டை தைத்த கடை அது. 1974-ல் ஹாக்ஸ் கம்பெனியோடு சேர்ந்து பேர் மாறியது. சாதாரண மாலுமியின் மேல்சட்டையில் இப்படிப் பித்தளைப் பொத்தான் கிடையாது, ஆகவே போட்டிருந்தது பெரும்பாலும் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும்.

காலாட்படைப் பொத்தானுக்குக் கணக்கு வேறு. 1767 உத்தரவுக்குப் பிறகு பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் பொத்தானில் எண் போட்டன. சிப்பாய்களுக்கு 1855 வரை ஈயக் கலவை, பிறகு பித்தளை, 1871-க்குப் பின் எண் போய் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கும் ஒரே அரச முத்திரை.

சரி, கடலே இல்லாத சூலூருக்கு நங்கூரம் எப்படி வந்தது? 1942 ஏப்ரலில் ஜப்பான்காரர்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டார்கள். அந்த வருடமே கோயம்புத்தூரில் பிரிட்டிஷ் கடற்படை விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரிய பட்டறை வந்தது, 1946 வரை நடந்தது. பெயர் எச்.எம்.எஸ். கருடா. சூலூர்த் தளத்தையும் 1945-ல் எடுத்துக்கொண்டு எச்.எம்.எஸ். வைரி என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் கப்பல் இல்லை. கரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பல் பெயர் வைத்து, கேட்டைத் தாண்டி வெளியே போவதைக்கூடக் ‘கரைக்குப் போவது’ என்று சொல்வது அவர்கள் வழக்கம். நொய்யல் கரையில் அப்படிச் சொல்லிக்கொண்டு நடந்திருப்பார்கள் என்று நினைக்கவே எனக்குச் சிலிர்க்கிறது.

ஆசை வந்தவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். சங்ககிரி கோட்டை மாதிரி பாதுகாக்கப்பட்ட இடங்களில் டிடெக்டரோடு கால் வைக்காதீர்கள். சொந்த நிலமானாலும், மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் ஆத்தாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. “சண்டைக் காலத்துல இங்க கப்பக்காரனுங்க இருந்தாங்க கண்ணு, முட்டைக்கு நல்ல வெல குடுப்பாங்க” என்று நான் சின்னப் பையனாக இருந்தபோதே சொல்லும். “கப்பல் எங்கம்மா வந்துச்சு, நொய்யல்லயா?” என்று அப்பா கேட்பார். நாங்கள் யாருமே நம்பவில்லை.

பொத்தானை ஆத்தாவின் உள்ளங்கையில் வைத்தேன். கண் சரியாகத் தெரியாது. விரலால் திருப்பித் திருப்பித் தடவியது. பொத்தானின் கம்பிக் காதில் மாட்டியிருந்த சின்ன இரட்டைச் சுற்று வளையத்தில் விரல் நின்றது. நூல் இல்லாமல் வளையம் ஏன் என்று எனக்கு ஒரு வாரமாகக் குழப்பம். நான் எதுவும் சொல்லவில்லை.

“இது வெள்ளைச் சட்டைப் பித்தானாச்சே. வெளுக்கப் போடறப்ப இந்த வளையத்தை உருவிட்டுப் பித்தானத் தனியா எடுத்து வெச்சுக்குவாங்க. எங்கடா கண்ணு கெடச்சுது?”

உழவு ஓட்டின காட்டைச் சொன்னேன்.

“அங்கதான் துணி காயப்போடுவாங்க” என்றது ஆத்தா.