ஊர் லோக்கல் சேனல்: டெக்கிலிருந்து செட்டாப் பாக்ஸ் வரை

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி வரலாறு எழுதுகிறவர்கள் இரண்டு தேதிகளை விடமாட்டார்கள்: சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய 1975 ஆகஸ்ட் 15, சன் டிவி வந்த 1993 ஏப்ரல் 14. ஊருக்கு ஊர் ஓடிய லோக்கல் சேனலுக்கு அப்படித் தேதி எதுவும் கிடையாது. எண்பதுகளின் பிற்பாதியில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தவர்கள் கேசட் ஓட்டும் டெக்கைக் கடையிலேயே வைத்துக்கொண்டு பக்கத்து வீடுகளுக்கு ஒயர் இழுத்து ராத்திரியில் படம் போட்டார்கள். அதுதான் தொடக்கம்.

சாட்டிலைட் சேனல்கள் வந்து லோக்கல் சேனலை ஒழித்துவிட்டன என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அது தலைகீழ் என்பது என் கட்சி. சாட்டிலைட் வந்ததால்தான் தெருத்தெருவாகக் கனெக்‌ஷன் போனது. அந்த ஒயரில் மிஞ்சிய ஓர் இடத்தில்தான் லோக்கல் சேனல் பிழைத்தது. அது தளர்ந்தது, சேனல்களையெல்லாம் திரட்டி ஒயரில் ஏற்றும் கண்ட்ரோல் ரூம் ஊரைவிட்டுப் போன பிறகு.

‘ஒயரில் இடம்’ என்பதை அந்தக் கால டிவியிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும். ‘பேண்ட் 1’ என்ற அலைவரிசைப் பகுதியில் 2, 3, 4 என மூன்று சேனல். ‘பேண்ட் 3’ என்ற பகுதியில் 5 முதல் 12 வரை எட்டு. ஆக மொத்தம் 11. ஒவ்வொன்றுக்கும் 7 மெகாஹெர்ட்ஸ் அகலம். டெக்கின் ஆன்டெனா சாக்கெட்டிலிருந்து வரும் சிக்னலையே நேராக ஒயரில் ஏற்றினால் படம் தெரியும். ஆனால் அது இரண்டு பக்கமும் பரவும், அடுத்த எண்ணில் ஓடும் சேனல்மேல் கோடுகோடாக விழும். வீடியோவைச் சேனல் சிக்னலாக மாற்றும் மாடுலேட்டர்களில் மலிவானவையும் இதே ரகம்தான். அதனால் ஒன்று விட்டு ஒன்றாகத்தான் போட முடிந்தது: 2, 4, 5, 7, 9, 11. நான்கும் ஐந்தும் அடுத்தடுத்த எண்ணாக இருந்தாலும் அலைவரிசையில் நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளி இருப்பதால் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. ஆக, 11 இடம் இருந்தும் உருப்படியாகக் கிடைத்தது ஆறு. ஒரு பக்கத்தை வெட்டிவிடும் சா ஃபில்டர் வைத்த மாடுலேட்டர் வந்த பிறகே பக்கத்துப் பக்கத்து எண்களில் சேனல் ஓடியது. அதிலும் ஒலியின் அளவைப் படத்தைவிட 10 முதல் 15 டெசிபல் குறைவாக வைக்காவிட்டால் பழைய வம்பு திரும்ப வரும்.

ஊரில் தூர்தர்ஷன் ஒளிபரப்பாகும் அதே எண்ணில் வேறு சேனலை வைத்தவர்கள் வேறு வகையில் சிக்கினார்கள். காற்றில் வரும் சிக்னல், சரியாக இறுக்காத கனெக்டர் வழியாகவும் டிவியின் உள் ஒயர் வழியாகவும் புகுந்துவிடும். அந்த எண்ணில் தூர்தர்ஷனையே போட்டாலும் தப்பிக்க முடியாது. காற்றில் வருவது கேபிளில் வருவதைவிட முந்தி வந்து சேரும் என்பதால் ஆளுக்கு இடப்பக்கம் ஒரு மங்கலான நிழல் ஆள் நிற்பார். கட்டடத்தில் மோதித் திரும்பும் சிக்னலால் வரும் நிழல் வலப்பக்கம் விழும். நிழல் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே கோளாறு ஒயரிலா, ஆன்டெனாவிலா என்று சொல்லிவிடலாம்.

லோக்கல் சேனல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். நகைக்கடை விளம்பரத்தின் வெள்ளை எழுத்து கீழே ஓடும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘கர்ர்’ என்று ஒரு உறுமல்; எழுத்து போனதும் உறுமலும் போய்விடும். டிவி கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்ட வீடுகள் உண்டு. கோளாறு கண்ட்ரோல் ரூமில் இருக்கும். நம் ஊர் டிவி பின்பற்றிய ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையில் படம் வெளுக்க வெளுக்க அதன் அலை பலம் குறையும். நல்ல வெள்ளைக்கும் பத்து சதவீதமாவது மிச்சம் வைக்க வேண்டும். மாடுலேட்டருக்குப் போகும் வீடியோ 1 வோல்ட்டைத் தாண்டினால் அந்த மிச்சமும் அழிந்து, அந்தக் கணத்தில் டிவி ஒலியைப் பிரித்தெடுக்கப் பிடிமானம் இல்லாமல் தடுமாறும். வீடியோ லெவல் திருகைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினால் போதும். ஆனால் படம் ‘பளிச்’ என்று இருக்க வேண்டுமென்று முழுக்கத் திருப்பி வைப்பதுதான் பெரும்பாலான இடங்களில் நடைமுறையாக இருந்தது. எழுத்தை வெள்ளைக்குப் பதில் வெளிர் சாம்பலில் போட்டுச் சமாளித்தவர்கள் காரணம் தெரியாமலே சரியான மருந்தைக் கண்டுபிடித்தவர்கள்.

படத்தில் மெதுவாக ஏறும் குறுக்குப் பட்டையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே பட்டை என்றால் 50 ஹெர்ட்ஸ், எர்த் கோளாறு. இரண்டு பட்டை என்றால் 100 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபையரின் பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சினிமாவை மட்டும் நம்பியிருந்தால் லோக்கல் சேனலுக்கு ஊரில் மதிப்பு இருந்திருக்காது. தேர்த் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா வாழ்த்து, ஆடித் தள்ளுபடி. இவை வேறு எந்தச் சேனலிலும் வராது. இதில் உண்மையான சோதனை நேரலை. கேமராவிலிருந்து வரும் வீடியோவை ஆர்.ஜி. 59 ஒயரில் நூறு மீட்டர் வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் போனால் முதலில் வண்ணம் வெளிறும். வண்ணத்தைச் சுமப்பது 4.43 மெகாஹெர்ட்ஸ், ஒயர் நீள நீள மேல் அலைவரிசைதான் முதலில் தேயும். சரி, கோயில் வாசலிலேயே மாடுலேட்டரை வைத்து, அங்கே போகும் கேபிளில் திருப்பி ஏற்றலாமே என்றால், தெரு ஆம்ப்ளிஃபையர்கள் ஒருவழிப் பாதை. அந்த இடத்துக்குப் பிறகு உள்ள தெருக்களுக்கு மட்டும் தேர் தெரியும். கண்ட்ரோல் ரூம் இருக்கும் தெருவுக்குத் தெரியாது. அதனால் தேரடியிலிருந்து கண்ட்ரோல் ரூம் வரை தனி ஒயர் இழுக்க வேண்டும். தேருக்கு வெளிச்சம் ஜெனரேட்டரில், கண்ட்ரோல் ரூம் மின்வாரிய லைனில். இரண்டு எர்த்துக்கும் இடையில் வித்தியாசம் இருந்தால் அந்த ஒற்றைப் பட்டை வந்து நிற்கும். தீர்வு, வீடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவில் போடுவது. பிளக்கில் எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டால் பட்டை மறையும்தான், ஆனால் அடுத்து ஒயரைத் தொடுகிறவர் உயிரோடு விளையாடும் வேலை அது. ஒலியிலும் கவனம் வேண்டும். நாதஸ்வர மைக்செட்டின் லைன் அவுட்டை நேராகக் கேமராவின் மைக் சாக்கெட்டில் செருகினால் ஒலி கிழிந்துவிடும்; நடுவில் சிக்னலைக் குறைக்கும் 40 டெசிபல் அட்டெனுவேட்டர் ஒன்று தேவை.

சிடி வந்தபோது டெக் ஹெட் துடைக்கும் வேலை ஒழிந்தது. பதிலுக்கு, 74 நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்க் மாற்ற ஆள் தூங்கிப்போனால் ஊரே நீலத் திரையைப் பார்த்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு இரண்டு புதிய தொல்லைகள். டிவி திரை ஓரத்தில் ஐந்து சதவீதம் வரை விழுங்கும் என்பது தெரியாமல் ஸ்க்ரோலிங்கை அடியில் ஒட்டி வைத்தால் எழுத்தின் கால் தெரியாது. மற்றொன்று பாமினி. விளம்பரம் அடித்த டிடிபி கடையில் அந்த எழுத்துரு இருக்கும், கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் இருக்காது. மணமக்கள் பெயர் ஆங்கிலக் கிறுக்கலாக ஓடும். படமாகச் சேமித்து வாங்குவதே அதற்கு வழி.

சட்டம் 1995-இல் வந்தது. கேபிள் டிவி ஒழுங்குமுறைச் சட்டப்படி, என்னென்ன ஒளிபரப்பினோம் என்று பதிவேடு எழுதி ஓராண்டு வைத்திருக்க வேண்டும்; உரிமை வாங்காத படம் போடக் கூடாது. பின்னதை எத்தனை பேர் மதித்தார்கள் என்பது ஊரறிந்தது. தேர்தல் விளம்பர விஷயத்தில் மட்டும் பயம் இருந்தது, இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2004 ஏப்ரல் உத்தரவுக்குப் பிறகு கேபிளில் போகும் அரசியல் விளம்பரத்துக்கும் முன்சான்று வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளும் வேட்பாளர்களும் ஒளிபரப்புக்கு மூன்று நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் எதுவும் போகக் கூடாது. அந்த நேரத்தில் கம்ப்யூட்டரின் தானியங்கி பிளேலிஸ்ட்டில் பழைய விளம்பரம் ஒன்று ஒளிந்திருப்பதுதான் உண்மையான அபாயம். கோப்பை வேறு டிரைவுக்கே மாற்றிவிடுவது நல்லது.

அரசு கேபிள் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. அப்போதே பல ஊர்களில் சிக்னல் மாவட்டக் கண்ட்ரோல் ரூமிலிருந்து வரத் தொடங்கியிருந்தது. டிஜிட்டல் வந்தபின் அது முழுமையானது. 64 குவாம் (QAM) என்ற டிஜிட்டல் முறையில் 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் விநாடிக்குச் சுமார் 38 மெகாபிட் போகும். முன்பு ஒரு சேனல் அடைத்த இடத்தில் பத்துக்கு மேல் அடங்கும். இடப்பஞ்சம் தீர்ந்தது, ஆனால் அந்த இடத்தின் சாவி ஊரில் இல்லை. அனலாக்கில் மாடுலேட்டர் ஒன்றை, சேனல்களை ஒரே ஒயரில் சேர்க்கும் கம்பைனரில் செருகினால் சேனல் வந்துவிடும். டிஜிட்டலில் என்கோடர் வாங்கி, இணையம் வழியாக எம்.எஸ்.ஓ. எனப்படும் பெரிய கேபிள் நிறுவனத்தின் கண்ட்ரோல் ரூமுக்கு அனுப்பி, அங்கே எண் ஒதுக்கி வாங்க வேண்டும். அந்த இணையம் பத்து விநாடி தடைப்பட்டால் ஊர்த் தேர் உறைந்து நிற்கும். 2022 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் இந்தச் சேனல்களுக்கு ‘பிளாட்ஃபார்ம் சர்வீஸ்’ என்று பெயர் வைத்தன. சேனலுக்கு 1000 ரூபாய் பதிவுக் கட்டணம், மொத்தக் கொள்ளளவில் ஐந்து சதவீத உச்சவரம்பு, 90 நாள் பதிவைக் காப்பது எல்லாம் அதில் உண்டு. உள்ளூர்ச் செய்தி போட வேண்டுமானால் கம்பெனியாகப் பதிந்திருக்க வேண்டும். இரண்டு பேர் நடத்தும் ஊர்ச் சேனலுக்கு இந்தக் கடைசி நிபந்தனைதான் கழுத்தைப் பிடிப்பது.

90 நாள் பதிவு இனிமேல் வருவதற்கு. பழையது இன்னும் கேபிள்காரர்களின் பரண்களில் விஎச்எஸ் கேசட்டாகக் கிடக்கிறது. கையில் கிடைத்தால் உடனே டெக்கில் போட்டுவிடாதீர்கள். மூடியைத் திறந்து டேப்பின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டெக்கும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டும் கெடும். சுத்தமாக இருந்தால் முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு, பிறகு ஓடவிடுங்கள். கேப்சர் கார்டுக்கு முன்னால் டைம் பேஸ் கரெக்டர் இல்லாவிட்டால் பழைய டேப்பின் நடுக்கத்தில் ஃபிரேம் விட்டுவிட்டு ஒலி தள்ளிப்போகும். 720×576, விநாடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸை எடுக்காமல் அப்படியே சேமியுங்கள். DV என்ற கோப்பு வடிவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும்.