நன்சாக்கோடு நியூயார்க்குக்குக் குடிபோன கதை

2019 பிப்ரவரியில் வேலை நிமித்தமாக டெக்சாஸிலிருந்து நியூயார்க்கின் குவீன்ஸுக்கு வீடு மாற்றினேன். எல்லாச் சாமானும் பெட்டிக்குள் போய்விட்டது. பயிற்சிப் பை மட்டும் பாக்கி. அதில் ஒரு சிலம்பக் கம்பு, ஒரு நன்சாக்கு (சங்கிலியால் இணைத்த இரண்டு குட்டைக் கம்புகள்), அழகுக்காக வாங்கிய மூன்று எறி நட்சத்திரங்கள் (நட்சத்திர வடிவ உலோகத் தகடுகள்). "அங்கே இதெல்லாம் வேற சட்டம், பார்த்துக்கோ" என்று மாஸ்டர் சொல்லியிருந்தார்.

நியூயார்க் மாநிலத் தண்டனைச் சட்டத்தில் ஆயுதங்களைப் பற்றிய 265.01 பிரிவை எடுத்துப் படித்தேன். நன்சாக்கு என்ற சொல்லே இல்லை. அப்பாடா என்று மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: அதே சாமான் அங்கே 'சக்கா ஸ்டிக்' என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது! பக்கத்திலேயே 'குங்ஃபூ ஸ்டார்', அதாவது எறி நட்சத்திரம். வெளியே எடுத்துப் போக வேண்டாம், வீட்டில் வைத்திருந்தாலே குற்றம்.

ஒரு காவல் நிலையத்துக்குப் போன் போட்டேன். முதலில் எடுத்தவர் "வீட்டுக்குள்ள தானே, பரவாயில்லை" என்றார். மறுநாள் எடுத்தவர் கொண்டுவரவே கூடாது என்றார். சரி, இது வேலைக்காகாது என்று வக்கீல் நண்பரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். நன்சாக்குத் தடை 1974இல் வந்தது. வீட்டில் வைத்திருந்ததற்காக 2000இல் வழக்கில் மாட்டிய ஜேம்ஸ் மலோனி என்பவர், 2003இல் தடையை எதிர்த்து வழக்குப் போட்டு, விடாமல் நடத்தி, 2018 டிசம்பரில் ஜெயித்திருக்கிறார். தடை செல்லாது என்று புரூக்ளினில் உள்ள ஃபெடரல் நீதிமன்றம் சொல்லி இரண்டே மாதம். நான் படித்த பிரதியில் பழைய வரி அப்படியே இருந்தது. தீர்ப்பை அச்செடுத்து நன்சாக்கோடு சுற்றி வைத்தேன். கொஞ்சம் அதிகம்தான்.

நட்சத்திரங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முனை மழுங்கியவைதான், ஆனாலும் பெயர் பட்டியலில் இருக்கிறதே. டெக்சாஸ் நண்பனிடமே விட்டுவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், மூன்றில் உண்மையாகவே மண்டையைப் பிளக்கக்கூடிய சிலம்பக் கம்பு பட்டியலிலேயே இல்லை. யாரையாவது அடிக்கும் நோக்கத்தோடு வைத்திருந்தால்தான் வம்பு. ஆனால் சப்வேயில் ஆயுதம் எதுவும் கூடாது என்று தனி விதி இருக்கிறது. ஆளுயரக் கம்போடு ரயிலில் ஏறிக்கொண்டு "இது விளையாட்டுக் கம்பு சார்" என்று யாரிடம் விளக்குவது? பயிற்சிக்கூடத்திலேயே இன்னொரு கம்பு வாங்கிப் போட்டுவிட்டேன். ஊர்க் கம்பு இப்போது வீட்டில் கதவுக்குப் பின்னால்.

நட்சத்திரங்கள் நண்பன் மேசையில் பேப்பர் வெயிட்டாக இருக்கின்றனவாம்.