ராயபுரத்தில் சாய்மானம் பார்த்தது

ராயபுரம் ரயில் நிலையத்தைப் படம் எடுக்கப் பலர் வருகிறார்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது, எடுக்கட்டும். நான் தேடிப் போனது பக்கத்துச் சந்தில் உள்ள நாற்காலிப் பட்டறையை. கால் உடைந்தவை, முதுகு கழன்றவை, பிரம்பு கிழிந்தவை எல்லாம் கூரையில் வௌவால்களாகத் தொங்கின.

கீழே ஒரு சாய்வு நாற்காலி. காலை நீட்டிப் போட்டுக்கொள்ள நீளமான கைகள். "துரைமார் வீட்டுச் சாமான் சார், அசல் பர்மாத் தேக்கு" என்றார் ஆசாரி. பழைய மரம் என்றாலே இங்கே பர்மாத் தேக்குதான். வேம்புகூட இரண்டு கை மாறினால் தேக்காகிவிடும்.

இலங்கைத் தோட்டத் துரைகளின் பங்களாக்களிலும் இதே வகை நாற்காலி உண்டு. ஆனால் அந்தத் தீவில் முதுகு சாய்த்து உட்காருவது ஒரு காலத்தில் அரச உரிமை. 1660 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி அரசில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நாக்ஸ் இதை எழுதிவைத்திருக்கிறார்: வீடுகளில் முதுகில்லாத முக்காலி ஒன்றிரண்டு இருக்கலாம், சாய்மானம் வைத்த ஆசனம் மன்னருக்கு மட்டுமே. மற்றவர்களுக்குப் பாய் இருந்தது. கரையோரத்தை ஆண்ட டச்சுக்காரர்களுக்கு இந்த நுணுக்கம் புரிந்திருக்க வேண்டும். 1693-இல் கண்டி மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அவர்கள் கொடுத்த பரிசு ஒரு சிம்மாசனம்! 1815-இல் கண்டி வீழ்ந்ததும் ஆங்கிலேயர் அதை எடுத்துப் போனார்கள். 1934-இல்தான் திரும்பி வந்தது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனக்குப் பிடித்தவை அதைவிட எளிய கருங்காலி நாற்காலிகள். கடைசல் பிடித்த கால்கள், முதுகெங்கும் பூச்செதுக்கல். பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் செய்யப்பட்டவை. இங்கிருந்து வடக்கே பழவேற்காட்டில் டச்சுக் கோட்டை இருந்த காலம் அது. எது எந்தக் கரையுடையது என்று பிரிப்பது இன்றும் எளிதல்ல. இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் இவற்றைத் தம் நாட்டின் பழைய டியூடர் அரச வம்சக் காலத்துப் பொருள் என்றே நம்பி வாங்கிச் சேர்த்தார். அவருக்குப் பர்மாத் தேக்கு என்று சொல்லி விற்க ஆளில்லை போலும்.

"கருங்காலியில் வேலை செய்திருக்கிறீர்களா?" என்று ஆசாரியிடம் கேட்டேன்.

"அப்பா செய்திருக்கிறார். உளி இறங்காது சார். பாதி நாள் சாணை பிடிப்பதிலேயே போய்விடும்."

நீங்கள் போனால் நாற்காலியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். வார்னிஷ் படாத அடிப்பக்கத்தில் மரத்தின் உண்மையான நிறம் தெரியும். அதன்பிறகு விலை பேசலாம்.