கல் ஆறுவதற்குள்

இரவு 11.30-க்குக் கடைசி கொத்து பரோட்டாவைப் போட்டு முடிக்கும்போது எனக்கு நல்ல பசி இருக்கும். ஆனாலும் கல்லைச் சுத்தம் செய்யாமல் சாப்பிட உட்கார மாட்டேன். அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்ததும் சட்டுவத்தால் சுரண்டி, வெந்நீர் தெளிப்பேன். ஆவியோடு கருகிய முட்டையும் வெங்காயமும் தானாகக் கழன்று வரும். காய்ந்த கல்லில் பச்சைத் தண்ணீரை மட்டும் ஊற்றவே கூடாது. வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

சட்டுவத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. மரக் கைப்பிடி தகட்டோடு சேரும் இடத்தில், ஆணி இடுக்கில், எண்ணெய்ப் பிசுக்கு தார் மாதிரி உறைந்திருக்கும். விளக்குமாற்று ஈர்க்குச்சியால் குத்தி எடுப்பேன். தண்ணீரில் ஊறப்போட்டால் மரம் உப்பி ஆணி ஆடும்.

போன ஐப்பசி மழையில் தார்ப்பாய் ஒழுகி, ஒரே ராத்திரியில் கல் முழுக்கத் துரு. மனசே ஆறவில்லை. கல்லுப்பும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தேன். அப்புறம் எண்ணெயை மெல்லிசாகப் பூசி, புகை வரும்வரை காயவைத்தேன், மூன்று தடவை. எண்ணெய் அதிகமானால் பிசுபிசுவென்று நிற்கும். நான்காம் நாள்தான் பரோட்டா ஒட்டாமல் புரண்டது.