கல்லு போட்ட கடற்கரையில ஒரு சயின்ஸ் கிளாஸ்

இயற்கைய வரைங்கன்னு போஸ்டர் போட்டி வச்சா எங்க கிளாஸ் புள்ளைங்க முக்காவாசி பேரு ஒரே படத்த தான் வரைவாங்க. ரெண்டு மலை, நடுவுல சூரியன், கீழ ஒரு ஆறு, பக்கத்துல குடிசை, ஒரு தென்ன மரம். வடசென்னை திருவொத்தியூர்ல பொறந்து வளர்ற புள்ளைங்க, நெறைய பேருக்கு மாடில ஏறுனா கடல் தெரியும், அப்பாவோ தாத்தாவோ கடலுக்கு போறவங்க, ஆனா படத்துல ஒரு நண்டு இருக்காது, ஒரு காக்கா இருக்காது, கருங்கல்லு மேல அடிக்கிற அலை இருக்காது. இயற்கைன்னா அது ஊட்டில இருக்கு, கொடைக்கானல்ல இருக்கு, நம்ம ஏரியான்னா கன்டெய்னர் லாரி, கம்பெனி பொகை, நாத்தம், அவ்ளோதான்னு யாரும் சொல்லாமலே அதுங்க மனசுல பதிஞ்சு போயிருக்கு. எனக்கு இது ரொம்ப வருத்தம். அதனால நாலாம் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சதுலேர்ந்து புடிவாதமா ஒண்ணு பண்றேன், வாரத்துல ஒரு பீரியடாவது புள்ளைங்கள கிளாஸ விட்டு வெளிய கூட்டிட்டு வந்துடுவேன். டூர் எல்லாம் கெடையாது, பாதி நாள் காம்பவுண்டுக்குள்ளயே தான்.

எங்க காம்பவுண்டுல இருக்கறது ஒரு பூவரச மரம், ஒரு வேப்ப மரம், பைப்படி ஓரமா கொஞ்சம் புல்லு பூண்டு. அது போதும். ரெண்டு ரெண்டு பேரா உக்கார வச்சு ஆளுக்கு ஒரு உல்லன் நூல் குடுத்துடுவேன், தரையில ஒரு சிலேட்டு அளவுக்கு வட்டம் போட்டுக்கணும், பத்து நிமிஷம் அதுக்குள்ள இருக்கறத மட்டும் தான் பாக்கணும். மொத ரெண்டு நிமிஷம் "ஒண்ணும் இல்ல மிஸ்"னு கத்துவாங்க, அப்புறம் ஒவ்வொண்ணா வரும், எறும்பு ஒரு செத்த ஈய இழுத்துட்டு போவுது, மூக்கிரட்டை விதை வெரல்ல ஒட்டிக்குது, கீழாநெல்லி இலைய திருப்புனா அடியில வரிசையா குட்டி குட்டியா காய். "இத்த எங்க ஆயா மஞ்சக்காமாலைக்கு அரைச்சு குடுக்கும் மிஸ்"னு ஒரு பொண்ணு சொல்லிச்சு, அன்னிக்கு மீதி கிளாஸ அவளே எடுத்துட்டா. இதுல நான் ஒண்ணு கண்டிப்பா பாத்துக்குவேன், பேர மொதல்ல சொல்ல மாட்டேன். பேர சொல்லிட்டா எழுதிக்குவாங்க, பாக்கறத நிறுத்திடுவாங்க. என்ன கலரு, எங்க இருக்கு, யாரு அத சாப்புடறா, இதெல்லாம் அவங்க சொன்னதுக்கு அப்புறம் தான் பேரு.

பூவரசுல இன்னொன்னு பண்ணலாம், செலவே இல்ல. காலைல ப்ரேயர் முடிஞ்சதும் கைக்கு எட்டுற கிளைல புதுசா விரிஞ்ச ஒரு பூவுக்கு நூல் கட்டி அடையாளம் வச்சு வரைய சொல்லுங்க, நல்ல மஞ்சள், உள்ள மட்டும் கருஞ்செவப்பா இருக்கும். சாப்பாட்டு பெல்லுக்கு ஒரு தடவ, வீட்டுக்கு போற பெல்லுக்கு ஒரு தடவ. சாயங்காலம் அதே பூ செவந்து சுருங்க ஆரம்பிச்சிருக்கும், மரத்துக்கு அடியில தெனமும் வெளையாடுன புள்ளைங்க அன்னிக்கு தான் அத பாக்குதுங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது கறிவேப்பில தொட்டி. இங்க எந்த தெருவுல போனாலும் ஒரு வீட்டு வாசல்லயாவது பழைய பெயின்ட் டப்பால கறிவேப்பில வச்சிருப்பாங்க. நாங்களும் கிளாஸ் வெளிய ஒண்ணு வச்சோம். கொழுந்து இலைல மஞ்சளா ஒரு ரவை அளவுக்கு முட்டை, அதுலேர்ந்து வர்ற புழு பாக்க அப்படியே காக்கா எச்சம் தான், பழுப்பும் வெள்ளையுமா. ஒரு பையன் அத தொடைச்சு போடவே போயிட்டான். அசைஞ்சதும் பயந்து கைய எடுத்தவன் அதுக்கப்புறம் லீவ் போடவே இல்ல, தெனமும் மொத ஆளா வந்து தொட்டிகிட்ட நிப்பான். தோல உரிச்சு உரிச்சு பெருசாகி கடைசில பச்சையா மாறிடும், தலைக்கு பின்னாடி கண்ணு மாதிரி ஒரு கோலம் இருக்கும், பென்சில் முனையால லேசா தொட்டா உள்ளேர்ந்து செவப்பா ரெண்டு கொம்பு மாதிரி நீட்டும், ஒரு வாடை அடிக்கும், பறவையும் எறும்பும் பயந்து ஓடறதுக்காக. அப்புறம் ஒரு குச்சில நூலால இடுப்ப கட்டிகிட்டு கூட்டுப்புழுவா உக்காந்துடும். பத்து பன்னெண்டு நாள் கழிச்சு காலைல வெளிய வரும், றெக்க கசங்குன துணி மாதிரி தொங்கும், கொஞ்ச நேரத்துல விரிஞ்சு காஞ்சு பறந்துடும். கறிவேப்பிலை அழகின்னு பேரு. ஆண் கருப்பு றெக்கைல வெள்ளப் பட்டையோட வரும், பெண்ணுல சிலது செவப்பு புள்ளியோட வேற ஒரு பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும், அந்த வேற பட்டாம்பூச்சிய பறவைங்க சாப்புடாது, ஒத்துக்காது, அதனால இது அந்த வேஷம் போடுது. "அப்ப இது பொய் சொல்லுதா மிஸ்"னு கேட்டாங்க, ஒரு பீரியட் முழுக்க அது மேலயே பேச்சு போச்சு.

ஒரு கூட்டுப்புழுலேர்ந்து பட்டாம்பூச்சிக்கு பதிலா ஓட்ட போட்டுகிட்டு குட்டி குட்டி குளவிங்க வந்துச்சு. ரெண்டு மூணு பேரு அழுதுட்டாங்க. நான் மறைக்கல, ஒரு குளவி இதுக்குள்ள முட்டை போட்டுருக்கு, அந்த குளவிக்கும் குஞ்சு இருக்கு, அதுக்கும் சாப்பாடு வேணும்னு தான் சொன்னேன், சாப்பிடறதும் சாவறதும் சேர்ந்தது தான் இது, அத விட்டுட்டு அழக மட்டும் காட்டுனா பாதி பாடம் தான்.

பெத்தவங்க கையெழுத்து வாங்கிகிட்டு கடற்கரைக்கும் கூட்டிட்டு போவோம். நம்ம பக்கம் மணல் கொறைவு, கடலுக்குள்ள நீட்டி நீட்டி கருங்கல்லு தான். அதுவே பாடம். ஒரு கல்லு வரிசை பக்கத்துல நிக்க வச்சு, ரெண்டு பக்கமும் பாருங்க, என்ன வித்தியாசம்னு கேட்டேன். தெக்கு பக்கம் மணல் சேர்ந்திருக்கு, வடக்கு பக்கம் கடல் உள்ள வந்திருக்கு. வருஷத்துல நெறைய மாசம் நம்ம கடல் மணல தெக்கேர்ந்து வடக்கா தான் தள்ளிட்டு போவும், நடுவுல எத கட்டுனாலும் மணல் அங்கயே நின்னுடும். 1870கள்ல ஹார்பர் கட்ட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் மெரினா அகலமாச்சு, ராயபுரம், காசிமேடு, திருவொத்தியூர் பக்கம் கடல் அரிச்சுது, அத தடுக்க தான் இந்த கல்லு. "எங்க ஆயா வூடு இருந்த தெரு இப்ப கடலுக்குள்ள கீது மிஸ்"னு ஒரு பையன் சொன்னான். அவனுக்கு தமிழ் எழுத்து கூட்டி படிக்கவே கஷ்டம், ஆனா மீன்ல கவலை, காரப்பொடி, சங்கரா, கானாங்கத்த எது எந்த வலைல வரும்னு வரிசையா சொல்லுவான். இப்ப மீன் பத்தி பாடம் வந்தா அவன தான் முன்னாடி நிக்க வைக்கறேன். வாடைக்காத்து அடிச்சா கடல் எப்படி இருக்கும்னு அவன் தாத்தாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றது எந்த புக்லயும் இல்ல.

2025 ஜனவரில சென்னை கடற்கரை முழுக்க பங்குனி ஆமைங்க செத்து செத்து ஒதுங்குச்சே, அப்ப புள்ளைங்க நேர்ல பாத்துட்டு வந்து கேட்டாங்க. ஆமைக்கு நுரையீரல் தான், மேல வந்து மூச்சு விடணும், வலைல ரொம்ப நேரம் மாட்டுனா மூச்சு முட்டிடும்னு சொன்னேன். வலை போடறது அவங்க அப்பாவா கூட இருக்கலாம், அதனால யாரையும் திட்டுற மாதிரி பேசல, ஆமை தப்பிச்சு போறதுக்கு வலைல வாசல் வைக்கலாம்னு படம் போட்டு காட்டுனேன், வீட்ல போய் சண்டையே போட்டுருக்காங்க சில பேரு.

பெரிய கிளாஸ் புள்ளைங்கன்னா எண்ணூர் முகத்துவாரம் கூட்டிட்டு போங்க. கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற எடம், அலையாத்தி மரம் இருக்கு, சேத்துக்குள்ள காத்து இல்லாததால வேரு மேல் பக்கமா பென்சில் பென்சிலா நீட்டிகிட்டு மூச்சு விடும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட வந்த எண்ணெய் அந்த மரத்துங்க மேலயும் கூழைக்கடா றெக்க மேலயும் படிஞ்சத அவங்களுக்கு சொல்லணும். சுத்தமா இருந்தா தான் நேசிக்கணும்னா எங்க புள்ளைங்களுக்கு நேசிக்க ஒண்ணுமே மிஞ்சாது.

ஆரம்பிக்கணும்னு நெனக்கிறவங்க வெயில் ஏர்றதுக்கு முன்னாடி, காலைல மொத பீரியட்லயே போயிடுங்க, மழை முடிஞ்சு டிசம்பர் கடைசி, ஜனவரி தான் நல்ல நேரம். பொங்கல் லீவ்ல தமிழ்நாடு முழுக்க பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், ஒரு எடத்துல கொறஞ்சது 15 நிமிஷம் நின்னு பாத்தத எண்ணி இபேர்ட்ங்கற (eBird) பறவை கணக்கு வெப்சைட்ல போடணும், மொட்டை மாடி போதும். பைனாகுலர் இல்லன்னாலும் பரவால்ல, காசிமேடு பக்கம் செம்பருந்து தலைக்கு மேலயே சுத்தும், வெள்ள தலை, செங்கல் கலர் றெக்க, வெறும் கண்ணுக்கே நல்லா தெரியும்.