மேகங்களுக்கு நடுவே ஒரு பழைய போர்

1940-இல் பிரிட்டனின் வான்வெளியில் நடந்த போரைச் சொல்லும், 1969-இல் வெளியான 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' படத்தை, நாகர்கோவிலில் மழை விடாத ஓர் இரவில் அண்ணனுடன் பார்த்தேன். பெரும்பாலும் உண்மையான விமானங்களையே பறக்கவிட்டுப் படமாக்கியதால், பிரிட்டனின் போர்விமானமான ஸ்பிட்ஃபயர் சாய்ந்து திரும்பும்போது அதன் எடையும் வேகமும் நம் உடலிலேயே உறைக்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் பைக் ஓட்டிக் காற்றோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். ஜெர்மானியர்களை ஜெர்மன் மொழியிலேயே பேசவிட்டதும் நேர்மையான முடிவு.

ஜெர்மனியின் போர்விமானங்களான மெஸ்ஸர்ஸ்மிட்டுகளாக வருபவை ஸ்பெயினில் தயாரான, பிரிட்டனின் மெர்லின் எஞ்சின் பொருத்திய விமானங்கள் என்பதை மூக்கின் வடிவமே காட்டிக்கொடுக்கிறது என்றார் அண்ணன். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. ஆனால், இத்தனை நட்சத்திரங்கள் குவிந்தும் ஒரு விமானிகூட மனத்தில் தங்கவில்லை. முகமூடிக்குள் இருந்தவர் யாரென்றே தெரியாதபோது, அவர் சுடப்பட்டு விழுவதற்காக நாம் எப்படித் துக்கப்படுவது?