காதோரத் தையல்

27 ஜனவரி 2024, சனி, சுங்கை சிப்புட், மலேசியா

தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலில் எடுத்த படங்களை மகள் அனுப்பியிருந்தாள். பதினேழு படம். பதினாறில் நேராகப் பார்த்துச் சிரிக்கிறேன், குறையில்லை. ஒன்றில் மட்டும், பால்குடம் எடுத்துப் போகிறவர்களைத் திரும்பிப் பார்த்த நேரம், பக்கவாட்டில் பிடித்துவிட்டாள். தாடைக்குக் கீழே இருக்கவேண்டிய வளைவைக் காணோம். மோவாயிலிருந்து தொண்டைக்குழி வரை தோல் சரிந்து இறங்குகிறது. நடுவில் இரண்டு கயிறு வேறு.

போன வருடம் சர்க்கரைக்குப் பயந்து சோற்றைக் குறைத்து 14 கிலோ இறக்கினேன். இடுப்பு இளைத்ததற்கு ஊரே பாராட்டியது. முகமும் கூடவே தொங்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ரவிக்கை லூசாகிப் போனால் பக்கத் தையலில் அரை அங்குலம் பிடித்துக் கொடுத்துவிடுவேன். சுங்கை சிப்புட்டில் முப்பத்தெட்டு வருடமாக அதுதானே என் பிழைப்பு. என் தாடையை எங்கே பிடிப்பது?

காது இன்னொரு கதை. கல்யாணத்துக்குப் போட்ட ஜிமிக்கி துளையை இழுத்து இழுத்துக் கோடாக்கிவிட்டது. இடது காதில் நூலளவு தோல்தான் தோட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. தோட்டத்து லயத்தில் எங்கள் அப்பாயி தண்டட்டி போட்டுத் தோள்வரை காது வளர்த்தவள். அவளுக்கு அது பெருமை. எனக்கு வயது 59, தோடு எப்போது சோற்றில் விழுமோ என்ற பயம்.

11 பிப்ரவரி, ஞாயிறு

சீனப் பெருநாள் விடுமுறை, கடை அடைப்பு. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பட்டுச் சேலையோடு வீட்டுக்கே வந்துவிட்டார், பேத்தி கல்யாணம். பின்கழுத்து எவ்வளவு இறக்கம் என்று கேட்டபடி கொண்டையை ஒதுக்கினேன். காதுக்குப் பின்னால், மடிப்புக்குள் ஒரு வெள்ளைக் கோடு. மடிப்போடு மேலே ஏறி, பாதிக் காதில் திரும்பி, முடிக்குள் நுழைந்து மறைந்துவிட்டது. காதுக்கு முன்னாலும் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது என்று தெரிந்து பார்த்தால்தான் தெரிகிறது. தையல் போட்ட இடம் எனக்குத் தெரியாதா!

அளவு நாடா அப்படியே நின்றுவிட்டது. டீச்சர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“பாத்துட்டியா தங்கச்சி? அஞ்சு வருசம் முன்ன காசிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்ல... அது காசி இல்ல.”

கதவைச் சாத்திவிட்டுத் தேநீர் போட்டேன். நாலு மணி நேர ஆப்பரேஷனாம். விழித்தபோது தலையைச் சுற்றிக் கட்டு, காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இரத்தம் வடிய மெல்லிய குழாய். மறுநாள் குழாயை எடுத்துவிட்டார்கள். வலியைவிட இறுக்கம்தான் பெரிய பாடாம், யாரோ கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டி இழுத்துப் பிடித்தமாதிரி. தலையணை உயரமாக வைத்து மல்லாந்துதான் தூக்கம். முதல் வாரம் கண்ணாடியில் பார்த்தது தன் முகமே இல்லை, நீலமும் மஞ்சளுமாக வீங்கிப்போன பூசணிக்காய் என்றார். இரண்டு வாரத்தில் நீலம் போனது. மூன்றாவது வாரம் பவுடர் பூசிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறார்.

“ஆனா ஒண்ணு. காது மரத்துப்போச்சு. ஒரு தடவை தோடு கழண்டு விழுந்ததே தெரியல. வைரத் தோடு! அஞ்சாறு மாசம் கழிச்சுத்தான் உணர்ச்சி வந்துச்சு.”

கழுத்துப் பக்கமாக ஏறிக் காதுக்குப் போகிற நரம்பு ஒன்று உண்டாம். இந்த ஆப்பரேஷனில் அதிகம் அடிபடுவது அதுதான் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தாராம்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். பெயர் எழுதாததால் இது சொன்னதாகாது.

5 மார்ச், செவ்வாய்

ஈப்போவில் தனியார் மருத்துவமனை. வீட்டுக்காரர் மைவி காரை ஓட்டிவந்து விட்டுவிட்டு, “நீ காதுக்குத்தானே போற?” என்றார். காதுக்கும்தான் என்றேன். மகள் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். டாக்டர் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் பிளாஸ்டிக் சர்ஜன் என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அப்பாயிண்ட்மெண்டே போட்டாள். டாக்டர் மலாயும் ஆங்கிலமுமாகப் பேச, நான் முழித்த இடத்தில் மட்டும் இவள் தமிழில் சொன்னாள்.

கையில் கண்ணாடியைக் கொடுத்தார். கன்னத்தில் இரண்டு விரலை வைத்து லேசாக மேலே நகர்த்தினார். தாடையோரத்தில் தொங்கிய சின்னப் பை மறைந்தது. கழுத்துக் கயிறு இரண்டும் அப்படியே நின்றன. “இதுதான் உங்கள் பிரச்சினை” என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதிவைக்கிறேன். கழுத்தில் தோலுக்கு அடியில் மெல்லிய தசை ஒன்று, காறை எலும்பிலிருந்து தாடை வரை விரிந்திருக்கிறது. பிளாட்டிஸ்மா என்று பெயர். வயதானால் அதன் இரண்டு ஓரமும் நடுவில் விலகித் தளர்ந்துவிடும். வெளியே தெரியும் கயிறு அந்த ஓரம்தான். மோவாய்க்கு அடியில் சின்னதாக வெட்டி, இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைக்கவேண்டும். அதே தசை முகத்துக்குள் ஏறும்போது ஒரு படலமாகிவிடுகிறது, அதை ஸ்மாஸ் என்கிறார்கள். மேலே படலம், கீழே தசை, இரண்டும் ஒரே துணி. அதனால் கன்னத்தைத் தூக்கினால் கழுத்தும் கொஞ்சம் கூட வரும், ஆனால் என் அளவுக்குப் போதாது.

காதுக்கு முன்னால் மட்டும் வெட்டிச் செய்யும் ‘மினி லிஃப்ட்’ பற்றி மகள் கேட்டாள். தாடையோரம் மட்டும் லேசாகத் தொங்குகிறவர்களுக்குச் சரி, இந்தக் கழுத்துக்கு எட்டாது. கொழுப்பை மட்டும் உறிஞ்சி எடுப்பது? எடுக்க என்னிடம் கொழுப்பே இல்லை, எடுத்தால் தோல் இன்னும் தொங்கும். நூல் கோர்த்து இழுப்பது கொஞ்ச காலத்தில் இறங்கிவிடும். அப்புறம் ஒன்று சொன்னார், எனக்கு ஆச்சரியம்: கழுத்து முன்பக்கத்திலேயே அதிகத் தோலை வெட்டி எடுத்து, இசட் எழுத்து மாதிரி மடக்கித் தைப்பது. நேர்கோடாகத் தைத்தால் தழும்பு சுருங்கி இழுக்கும், கோணலாகத் தைத்தால் இழுப்பு பிரிந்துவிடும். முழுக்க எங்கள் தொழில்! ஆனால் தழும்பு எல்லார் கண்ணிலும் படும், வயதான ஆண்களில் சிலர்தான் சரி என்பார்களாம்.

கண் இமை, நெற்றி பக்கமே அவர் போகவில்லை. கேட்டதற்கு, “அங்கே ஒன்றும் அவசரமில்லை” என்றார். விற்கத் தெரியாத மனிதர் என்று நினைத்தேன். அதனாலேயே நம்பிக்கை வந்தது.

அதுவரை சரி. காதைத் திருப்பினார், முகம் மாறிவிட்டது. இருபது வருடத்துக்கு முன் மேல்காதில் கொப்பு குத்தப்போய், அந்த இடம் கொண்டைக்கடலை அளவு தடித்துப்போனது. எனக்கு மறந்தே போய்விட்டது. அவர் அதை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். கெலாய்டு. நம்மைப்போல் கறுத்த தோலுக்கு அது வரும் வாய்ப்பு அதிகம். காதுக்குப் பின்னால் வெட்டும் இடத்திலும் இப்படித் தடித்தால்?

முகத்துக்குப் போனேன். அவர் என் காதைத்தான் அரைமணி நேரம் பார்த்தார். முடிவு: முதலில் கிழிந்த காதைத் தைப்போம், அந்தத் தழும்பு எப்படி ஆறுகிறது என்று ஆறு மாதம் பார்ப்போம். பழைய கட்டிக்கு ஸ்டீராய்டு ஊசி.

இரத்த அழுத்தம் 152/90. இதோடு முகத்தைத் தொடமாட்டேன் என்று கையை விரித்துவிட்டார்.

6 மார்ச், புதன்

தூக்கம் வரவில்லை. மகள் அனுப்பியதை எல்லாம் படித்தேன். 1901-இல் பெர்லினில் ஹாலெண்டர் என்ற டாக்டர் போலந்துச் சீமாட்டி ஒருத்திக்கு முடியோரத்தில் தோலைக் கொஞ்சம் நறுக்கி இழுத்துத் தைத்திருக்கிறார். அதற்கப்புறம் எழுபது வருடம் போல் எல்லாரும் பெரும்பாலும் தோலை மட்டுமே இழுத்துக்கொண்டிருந்தார்கள். 1974-இல் ஸ்கூக் என்ற ஸ்வீடன்காரர் அடியில் இருப்பதையும் சேர்த்துத் தூக்கினார். 1976-இல் பிரான்சில் இரண்டு பேர் அந்தப் படலத்தைப் பிரித்துக் காட்டி ஸ்மாஸ் என்று பெயர் வைத்தார்கள். 1990-இல் ஹம்ரா என்ற அமெரிக்கர் ‘டீப் பிளேன்’ என்று தோலையும் படலத்தையும் பிரிக்காமல், எலும்போடு கட்டிவைத்திருக்கும் நார்களை அவிழ்த்துவிட்டு ஒன்றாக நகர்த்துவதை எழுதினார்.

லைனிங் வைத்த ரவிக்கை தைத்தவர்களுக்கு இதற்குப் படிப்பு வேண்டாம். மேல்துணியை மட்டும் இழுத்துப் பிடித்தால் முதல் நாள் கச்சிதமாக இருக்கும், மூன்றாம் துவைப்பில் தையலோரம் சுருங்கித் தளர்ந்துவிடும். பாரத்தை லைனிங்கில் ஏற்றவேண்டும், மேல்துணி சும்மா படுத்திருக்கவேண்டும். முகத்திலும் அப்படித்தானாம். தோல் பாரம் தாங்கினால் தழும்பு அகலமாகும், காது மடல் கன்னத்தோடு ஒட்டிக் கீழே இழுத்துக்கொள்ளும்.

ஆனால் ரவிக்கைக்கு அடியில் முகத்தை அசைக்கிற நரம்பு ஓடுவதில்லை. அதில் கை பட்டால் வாய் ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் சரியாகிவிடும், அபூர்வமாகச் சரியாகாது. அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்துவைத்தேன்.

2 ஏப்ரல், செவ்வாய்

காது தைத்தாயிற்று. மரப்பு ஊசிதான் எரிந்தது. அப்புறம் காது என்னுடையதே இல்லை, கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. கிழிந்த கோட்டின் இரண்டு உள்ளோரத்தையும் செதுக்கிப் புண்ணாக்கினால்தான் ஒட்டுமாம், ஆறிப்போன தோலோடு ஆறிப்போன தோல் ஒட்டாது. ஒரு காதுக்கு முன்னும் பின்னுமாக ஒன்பது தையல். “உள்ளே ஒன்று, வெளியே ஒன்றா டாக்டர்?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

வரும் வழியில் ரமலான் பசாரில் வீட்டுக்காரர் முர்தபாக் வாங்கிக்கொடுத்தார். மென்றால் காது இழுத்தது.

9 ஏப்ரல், செவ்வாய்

தையல் பிரித்தார்கள். மறுபடி துளை போட மூன்று மாதமாவது ஆகும், அதுவும் தழும்பின் மேல் கூடாது, பக்கத்தில். அதுவரை காது மொட்டை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணை என் காதில் வைத்துவிட்டு அடுத்து நெற்றிப் பொட்டைப் பார்க்கிறார்கள். வீட்டுக்காரர் நல்லா இருக்காரா என்ற கேள்வி வாய்வரை வந்து நிற்பது தெரிகிறது. அவரைக் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறேன்.

14 ஜூலை, ஞாயிறு

இரவில் சிலிக்கான் ஜெல் தடவுகிறேன். கோடு சிவப்பாகத்தான் இருக்கிறது, தடிக்கவில்லை. மேல்காதுக் கட்டி மூன்று ஊசிக்குப் பிறகு பாதியாகிவிட்டது.

இன்று அளவுக்கு வந்த பெண்ணுக்குக் கன்னத்தில் ஒரு முண்டு. சலூன் நடத்துகிற ஒருத்தி வீட்டில், மலிவு விலையில் ஏதோ ஊசி போட்டுக்கொண்டாளாம். என்ன மருந்து என்று இவளுக்கும் தெரியாது. இந்த நாட்டில் அழகுக்கு ஊசி போடுவதானால் டாக்டருக்கே சுகாதார அமைச்சின் தனி அனுமதிக் கடிதம் வேண்டும் என்று சொல்லி, முதலில் போய்க் காட்டச் சொன்னேன். அழுதாள். அளவு எடுக்கவில்லை.

17 செப்டம்பர், செவ்வாய்

டாக்டர் காதை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தார். “அழகாக ஆறியிருக்கிறது. பின்காதில் தடிக்காது என்று சத்தியம் செய்யமாட்டேன். தடித்தால் உடனே ஊசி போடுவோம்” என்றார். அழுத்தம் 128/80. மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கும் பிடித்திருக்கிறது என்றார்.

தீபாவளி முடிந்து நவம்பரில் நாள். கீழ்முகமும் கழுத்தும். ஸ்மாஸைத் தூக்கித் தைத்து, மோவாய்க்கு அடியில் பிளாட்டிஸ்மாவைச் சேர்ப்பார். காதுக்கு முன்னால் வெட்டு, காது கேட்கும் துவாரத்துக்கு முன் இருக்கும் சின்ன மேட்டின் பின்னால் ஒளிந்து போகும். மீனெண்ணெய் மாத்திரையையும் பூண்டு மாத்திரையையும் இரண்டு வாரம் முன்பே நிறுத்தவேண்டும், இரத்தம் உறைய விடாதாம். முதல் ஒருநாள்தான் பயம். உள்ளே இரத்தம் கட்டினால் உடனே திறந்து எடுக்கவேண்டும், அதற்குத்தான் அழுத்தத்தில் அவ்வளவு கண்டிப்பு. எத்தனை வருடம் நிற்கும் என்று கேட்டேன். ஏழு, எட்டு, பத்து. கடிகாரம் நிற்காது, கொஞ்சம் பின்னால் திருப்பிவைக்கிறேன், அவ்வளவுதான் என்றார்.

செலவைக் கேட்டு வீட்டுக்காரர் ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், “உன் மிஷின் சம்பாதிச்சது. என்னை எதுக்குக் கேக்குற?” என்றார்.

எல்லாம் சரி. கிளம்பும்போது நர்ஸ் ஒன்று சொன்னாள்: இரண்டு வாரம் தலையைக் குனியக்கூடாது. தையற்காரி குனியாமல் என்ன செய்வாள்? நவம்பரில் கல்யாண ரவிக்கை முப்பது நிற்கிறது.

22 செப்டம்பர், ஞாயிறு

தச்சர் வந்து மிஷின் மேசையை அளந்தார். ஆறு அங்குலம் உயர்த்தி, பலகையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்துப் போட முடியுமாம். பெடலுக்கும் கீழே கட்டை கொடுக்கவேண்டும், 180 ரிங்கிட்.

“எதுக்குக்கா இவ்ளோ உசரம்?” என்று கேட்டார்.

“கழுத்து வலி” என்றேன்.